விலை சொன்னால் இறுகும்

சிலுவைத்துறையில் பழைய நிச்சயதார்த்த மோதிரங்கள் விலை சொன்னால் இறுக ஆரம்பித்தது, காரைக்குடிப் பக்கத்திலிருந்து வைரவன் என்கிற வியாபாரி நெற்றியில் விபூதியும் சட்டைப்பையில் லென்சுமாகக் கடற்கரை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய அந்த வெள்ளிக்கிழமைதான். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்டும் பிரயோசனமில்லை. ஒரு வருஷம் சாளை மீன் கரையை முட்டிக்கொண்டு வருகிறது, மறு வருஷம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கடலிடம் யார் போய்க் கேட்டார்கள்?

வைரவன் கெட்டவர் இல்லை. பழைய மோதிரம் வாங்கிப் பட்டணத்தில் விற்கிறவர், அவ்வளவுதான். மாதா கோவில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வந்த பெண்களிடம் அவர் சொன்னார்: பட்டணத்துப் பெண்கள் புது மோதிரத்தை இப்போது ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, எவளோ ஒருத்தி ஆயுசெல்லாம் போட்டுத் தேய்த்த மோதிரம்தான் வேண்டும் என்கிறார்கள், மிஷின் தொடாத கல், கரண்டு வராத காலத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்கென்று கையால் பட்டை தீட்டிய கல், பர்மாக் கெம்பு, மன்னார் முத்து, ஓரம் மழுங்கிய பொன்.

"பொன்னுக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை. மூணாவதுதான் பெருசு ஆச்சி."

"கதையா?" என்றாள் வரிசையில் இரண்டாவதாக நின்ற மர்த்தீனா. "எங்க வீட்டுக்காரரு விட்ட கதைய எல்லாம் எடுத்துக்கிடுவீரா? அப்ப பஸ்ஸுல வந்தது தப்பு. லாரி பிடிச்சிட்டு வாரும்."

முதலாவதாக நின்றது அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி கித்தேரியம்மாள். விற்க வரவில்லை. அந்த ஊரில் மாமியாரின் நிச்சயதார்த்த மோதிரம் மூத்த மருமகளுக்குப் போக வேண்டும், கோவிலில், எல்லார் கண் முன்னாலும், மாமியார் விரலிலிருந்து கழற்றி மகன் கையில் கொடுத்து அவன் பெண்ணுக்குப் போட வேண்டும், அதுதான் வழக்கம். கித்தேரியின் மகன் ஜோவின் கப்பலில் வேலை செய்கிறவன், லீவில் வந்திருந்தான். அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம், அதற்கு மறுநாள் கப்பல். மருமகள் கைக்குப் போகிற பொருள் என்ன பெறும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். பெருமைதான். வேறென்ன.

நடுவில் ஒரு முத்து, சுற்றிலும் ஆறு கெம்பு. வைரவன் லென்சைக் கண்ணில் வைத்து மோதிரத்தின் உள்வயிற்றைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் வயிற்றையே பார்த்தார்.

"உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"நாப்பது தாண்டியாச்சி."

"இது அதுக்கும் இருவது, இருவத்தஞ்சு வருஷம் மூத்தது. கொழும்பு வேலை. உள்ள எழுத்து வெட்டியிருக்கு, யாரோ அரத்தால ராவியிருக்காங்க."

கித்தேரி மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் வைரவன், தொழில் பழக்கத்தில், "எழுத்துப் போனாலும் அறுபதாயிரம் ரூபா பெறும்" என்றார். தொளதொளவென்று கிடந்த மோதிரம் விரலைப் பிடித்தது. புதுச் செருப்பு பிடிக்கிற மாதிரி ஒரு பிடி. அவள் அதைக் கவனிக்கவில்லை, அவள் மனசு ராவிப்போன எழுத்துக்குள் கிடந்தது. அடுத்து மர்த்தீனா கையை நீட்டினாள், வைரவன் விலை சொன்னார், அவள் போட்ட கூச்சலில் மண்டபத்துப் புறா எல்லாம் பறந்தது.

மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சின்ன விலைக்குச் சின்னப் பிடி, பெரிய விலைக்குப் பெரிய பிடி, பிடித்தது தானாக விடாது. வெறும் எண்ணுக்கு மோதிரம் அசையாது, அதனால் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தடையில்லாமல் நடந்தது. ரூபாய் என்று சேர்த்துச் சொன்னால்தான் வினை. இந்தப் பொருளின் விலைதான் என்றும் இல்லை, கத்தரிக்காய் விலையும் காது கேட்கிற தூரத்தில் சொன்னால் போதும். புது மோதிரங்கள் சும்மா இருந்தன. அதில் சில சின்னப்பெண்களுக்கு வருத்தம்.

ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. மீன் ஏலக்காரர் பிச்சையா, தொண்டை கிழியக் கத்தியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், வாயை மூடிக்கொண்டு தோளிலிருந்த துண்டை எடுத்தார். முத்து வியாபாரிகள் அந்தக் காலத்தில் செய்ததுபோலத் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசினார்கள்: விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, விரலில் பாதியைப் பிடித்தால் அதில் பாதி, கையை மடக்கி மூடிவிட்டால் சரக்கு விலைக்கு இல்லை. பேசாத விலைக்கு மோதிரம் இறுகவில்லை. பிச்சையாவுக்கு மட்டும் கத்தாமல் இருக்க முடியவில்லை, சாயங்காலம் வெளிச்சவீட்டுப் பக்கம் தனியாகப் போய்க் கடலைப் பார்த்து எண்ணூறு, எண்ணூத்தம்பது, ஒரு தரம், ரெண்டு தரம் என்று கத்திவிட்டு வந்தார். மளிகைக் கடையில் சிலேட்டு வந்தது. கண்டக்டர் ஊர் வளைவு தாண்டும்வரை டிக்கெட் கொடுக்கவில்லை. டி.வி.யில் தங்கம் விலை சொல்கிற நேரத்துக்கு வீடு வீடாக ஒரு ஆள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார், ஒரு வீட்டில் அசந்துவிட்டால் அந்தத் தெருவே அலறியது.

சோப்புப் போட்டுப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெய், விரலில் நூல் சுற்றி இழுக்கிறது, எல்லாம் பார்த்தார்கள். சலேத்து என்கிற டீச்சர் பக்கத்து டவுனுக்குப் போய்க் கம்பி வெட்டுகிற கருவியால் மோதிரத்தை வெட்டி எடுத்தாள். எடுத்து? மோதிரம் கிடந்த வெள்ளைத் தழும்பு விலை கேட்கும்போதெல்லாம் இறுகிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு யாரும் வெட்டப் போகவில்லை.

தளர வழி கண்டுபிடித்தது மர்த்தீனாதான். வலி பொறுக்காமல் புருஷனைத் திட்டினாள். "சிங்கப்பூரு மோதிரமாம் சிங்கப்பூரு! அடகுக் கடையில முழுகிப் போன நகைல பொறுக்கினது. எனக்குத் தெரியும், அன்னைக்கே தெரியும், தெரிஞ்சுதான் கைய நீட்டுனேன்!" சொல்லி வாயை மூடவில்லை, மோதிரம் வழுவழுவென்று கழன்று மடியில் விழுந்தது. புருஷன் அதை எடுத்துக் கொடுத்தார். தலையை நிமிர்த்தவில்லை.

ஆக, விலைக்கு இறுகும், உண்மைக் கதைக்குத் தளரும், கதையால் கழன்ற விரலில் தழும்பும் இறுகாது. பங்குச்சாமி மண்டபத்தைத் திறந்துவிட்டார். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து தன் மோதிரம் வந்த வழியைச் சொன்னார்கள், அண்ணனுக்குப் பேசின பெண்ணுக்குத் தம்பி மோதிரம் போட்ட கதை வந்தது, கல் விழுந்ததற்குக் கண்ணாடி வைத்துக் கொடுத்த கதை வந்தது, புயலில் கவிழ்ந்த தோணியில் செத்தவன் விரலிலிருந்து கழற்றிய கதை ஒன்று வந்து மண்டபமே சிலுவை போட்டுக்கொண்டது, ஒவ்வொரு கதைக்கும் ஒரு மோதிரம் தளர்ந்தது, ஒவ்வொரு கதைக்கும் ஒரு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. விலை பேச முடியாத ஊரில் வைரவனுக்கு என்ன வேலை? ஆனால் அவர் போகவில்லை. ரூம் எடுத்துத் தங்கி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கித்தேரி எழுந்தாள். அவள் கதை ஊருக்கே தெரியும். தோணி முதலாளி சந்தியாகுவின் ஒரே மகள், அதே தோணியில் வேலைசெய்த கயத்தானைத்தான் கட்டுவேன் என்று நின்றவள், அப்பா மறுத்ததும் வாசலில் நின்று "உம்ம வீட்டுக் குண்டுமணிப் பொன்னும் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உடுத்தின சேலையோடு வந்தவள். மோதிரத்தில் இருக்கிறது கயத்தானின் அப்பா கடைசி முத்துக்குளிப்பில் மூழ்கி எடுத்த முத்து. மகனுக்கென்று வைத்திருந்தது. நாற்பது வருஷமாகச் சொன்ன கதையை அவள் வார்த்தை தவறாமல் சொன்னாள்.

மோதிரம் அசையவில்லை.

மண்டபத்தில் ஒருத்தி இருமினாள். "ஏளா, இன்னொரு தரம் சொல்லிப் பாரு" என்றாள் மர்த்தீனா, மெதுவாக. கித்தேரி இன்னொரு தரம் சொன்னாள். அசையவில்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள், அவளுக்குப் பின்னால் ஊர் முழுவதும் ஒரே சொல்லை நினைத்தது, யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கொழும்பு. கயத்தான் வருஷத்தில் பாதி கொழும்புக்குத் தோணி ஓட்டினவர். கொழும்பில் யார் விரலில் கிடந்த மோதிரம்? யாருடைய பெயரை ராவினது?

வீட்டில் கயத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாலு வார்த்தை பேசினால் மூன்று அதிகம் என்று நினைக்கிற மனுஷன்.

"இது யாரு மோதிரம்?"

"ஒன்னுது."

"எனக்கு முந்தி?"

"சோத்தப் போடு."

"கேக்கேன்லா?"

"கொழம்பு ஆறுது."

புதன்கிழமை விரல் சிவந்தது. வியாழக்கிழமை கறுத்தது. அரசாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். பெண் வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். உடம்புக்கு எப்படி என்று கேட்டார்கள், மோதிரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் ஊர் அறியச் சொன்னாராம்: கதை தெரியாத மோதிரத்தை எங்க பிள்ளை கையில எப்படிப் போட விடுறது? நியாயம்தான். கித்தேரியே அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள். விரலைவிட அது வலித்தது.

கயத்தான் வீட்டில் இருக்கவில்லை. தெருமுனையில் கம்போடு நின்றார். கத்தரிக்காய்க்காரி வந்தால் வாயில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார், பழைய இரும்புக்காரனின் மைக்கைப் பிடுங்கினார், பக்கத்துத் தெருவில் எவனோ போனில் நிலம் விலை பேசினான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். டி.வி. வயரைப் பிடுங்கிப் பரணில் போட்டார். வியர்த்து வழிந்து திரும்பி வந்தவரைப் பார்த்ததும் கித்தேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருல உள்ளவன் வாயெல்லாம் அடைக்க ஓடுதிய. ஒங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல முடியல. அவ அப்பேர்ப்பட்டவளா? விரலு போனாலும் அவ பேரு வெளிய வரக்கூடாது, அப்படித்தான?"

"எவ?"

"கொழும்புக்காரி."

கயத்தான் அவளை ஏதோ புது ஆளைப் பார்க்கிறதுபோலப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டார். தன் கையை உள்ளே விட்டார். கடலில் கயிறு இழுத்துக் காய்ந்த கை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை அவள் கையைப் பிடித்தது, கறுத்த விரலில் படாமல் பிடித்தது.

"எம்புட்டுக்கு வாங்குனிய?" அவள் கேட்டாள். தோணி முதலாளி மகள். துண்டுக்குள் பேசுகிற பாஷை அவளுக்குத் தெரியும். எந்த விரலைப் பிடிப்பார் என்று காத்திருந்தாள்.

அவர் எந்த விரலையும் பிடிக்கவில்லை. நல்ல விரல் நாலையும் ஒவ்வொன்றாக மடக்கி, தன் கைக்குள் வைத்து மூடினார்.

"வாங்கலியா? அப்ப யாரு குடுத்தா?"

"செத்தவருக்குச் சத்தியம் பண்ணிருக்கேன்."

"எந்தச் செத்தவரு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"ஒங்க அப்பா."

சத்தியம் போனது போகட்டும் என்று அவர் மீதியையும் சொன்னார். நாற்பது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது அன்றைக்குத்தான். அவள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போன அதே வாரம் சந்தியாகு தோணிக்கு வந்தாராம். உச்சிப்பொழுது, தோணியில் வேறு ஆள் இல்லை. அவள் பிறந்த அன்றைக்கே செத்துப்போன அவள் அம்மாவின் நிச்சயதார்த்த மோதிரம் மடியில் இருந்தது, யார் கண்ணிலும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தது. "அவ எங்கிட்ட ஒண்ணும் வாங்கமாட்டா. நீ குடுத்ததாப் போடு. எங்கப்பன் எடுத்த முத்துன்னு சொல்லு. என்னுதுன்னு தெரிஞ்சா கழத்திக் கடல்ல எறிஞ்சிருவா. அவ என் மக." மோதிரத்துக்குள் அவர் பேரும் பெண்டாட்டி பேரும் முதலெழுத்தாக இருந்தது. தோணியில் கிடந்த அரத்தை எடுத்து அவரே ராவினார்.

"ராவும்போது அரம் வழுக்கிக்கிட்டே இருந்திச்சி. நான் பாக்காத மாதிரி கயத்தச் சுத்திக்கிட்டு இருந்தேன்."

துண்டுக்குள் மோதிரம் ஒரு சுற்று சுற்றியது. விரலுக்குள் ரத்தம் ஓடுகிற குறுகுறுப்பு முழங்கைவரை ஏறியது.

கித்தேரிக்கு முதலில் வந்தது நிம்மதி. கொழும்பில் யாரும் இல்லை. அது அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்பா செத்தபோது அவள் பூசைக்குப் போனாள், கல்லறைக்குப் போகவில்லை. இந்தக் கையைக் கட்டிக்கொண்டுதான் கோவிலில் நின்றாள்.

"இத ஏன் எங்கிட்ட மறைச்சிய?"

"நீ கேக்கல."

"கேட்டேனே!"

"இந்த வாரந்தான் கேட்ட."

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பியது. பங்குச்சாமி ஜெபம் சொல்லி மோதிரம் மந்திரிக்கிற நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் நின்றார், கதை வராமல் மோதிரம் வரக்கூடாது என்று நின்றார். கித்தேரி பீடத்துக்கு முன்னால் போனாள். "இது எங்க அம்மா மோதிரம்" என்று ஆரம்பித்தாள். "எங்க அப்பா குடுத்தது." எங்க அப்பா என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்து அவள் சொல்லி நாற்பது வருஷமாகிறது. குண்டுமணிப் பொன்னிலிருந்து அரம்வரை ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தபோது, கழற்ற வேண்டிய வேலையே இல்லாமல் மோதிரம் உள்ளங்கையில் இறங்கிக் கிடந்தது. தாய்மாமன் கட்டின கையை அவிழ்த்தார்.

ஜோவின் மோதிரத்தை வாங்கினான். பெண் பெயர் ரெக்ஸலின், முருங்கைக்காய் மாதிரி விரல். போட்டான். மோதிரம் விரலில் நிற்காமல் சுழன்று, நழுவி, தரையில் விழுந்து, உருண்டு, தாய்மாமன் செருப்பில் முட்டி நின்றது.

கதை கூடிப்போய்விட்டது. அளவுக்கு மேல் தளர்ந்துவிட்டது.

எடுத்து மறுபடி போட்டான். மறுபடி விழுந்தது. பெஞ்சுகளில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மந்திரித்த மோதிரம் தரையில் ரெண்டு தரம். ஜோவின் மூன்றாவது தரம் போட்டுவிட்டு, விழாமல் இருக்க அந்த விரலையே பிடித்துக்கொண்டு நின்றான், ரெக்ஸலின் உதட்டைக் கடித்தாள், தாய்மாமனின் கை மறுபடி கட்டிக்கொள்ளப் போனது. கித்தேரி தன் வெறும் விரலைப் பார்த்தாள். அதில் வெள்ளை வளையம் மட்டும் இருந்தது.

"எரநூறு ரூபா" என்றார் கயத்தான்.

கோவிலில் பாதிப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். "ஓய், கோயில்ல வச்சி என்ன பேச்சிவேய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கயத்தான் காதில் வாங்கவில்லை. மருமகளின் விரலையே பார்த்தார். மோதிரம் ஒரு மயிரளவு ஏறியிருந்தது.

"ஐநூறு ரூபா."

"எம்மா!" என்றாள் மர்த்தீனா. "சீக்கிரம் முடியும்வே, இங்க உசிரு போகுது!"

கித்தேரிக்குப் புரிந்துவிட்டது. ரெக்ஸலினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கம் எப்படி வரும், எந்த இடத்தில் அது வலியாகும் என்று அந்த ஊரில் அவளைவிடத் தெரிந்தவள் யார்? ஒரு விலை கூடிப்போனால் இந்தச் சின்ன விரல் என்ன ஆகும்?

"சின்னதாச் சொல்லுங்க. அவசரப்படாதிய."

"எழுநூறு ரூபா."

"இன்னும் கொஞ்சம் மாமா" என்றாள் பெண், குனிந்த தலையோடு.

பங்குச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். கயத்தானின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. புயலில் தோணி ஓட்டினபோதுகூட அவர் அப்படி வேர்த்ததில்லை.

"எழுநூத்தம்பது ரூபா."

"போதும்!" கித்தேரி கையை உயர்த்தினாள். "போதும், நிப்பாட்டுங்க."

மோதிரம் உட்கார்ந்துவிட்டது. ரெக்ஸலின் கையை உதறிப் பார்த்தாள். விழவில்லை. கயத்தான் துண்டை எடுத்து வாயில் கட்டிக்கொள்கிறவர்போல முகத்தை அழுத்தித் துடைத்தார். கோவில் முழுக்க ஒரு பெருமூச்சு எழும்பி, பாதியிலேயே நின்றது.

கடைசி பெஞ்சில் வைரவன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கொழும்பு வேலை, மன்னார் முத்து, ராவின எழுத்து, அதற்கு மேல் இப்போது கேட்ட கதை. அந்த மோதிரத்துக்கு எழுநூற்றைம்பது ரூபாய் என்று ஒருவன் சொல்லி, அதைத் திருத்தாமல் இருக்கிறது அவர் ஜாதகத்திலேயே இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயைத் திறந்துவிட்டார்.

ஊர் முழுவதும் திரும்பி அவரைப் பார்த்தது.

வைரவன் வாயை மூடினார். என்ன செய்வதென்று தெரியாத கையை, விபூதி நெற்றிக்குக் கொண்டுபோய், மார்புக்கு இறக்கி, இரண்டு தோளையும் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.